குற்றமற்ற உண்ணிகள்

உங்கள் கோட்டில் நாய்முடி ஒட்டியிருக்கிறது. நாய் வளர்ப்பவர் என்றால் முதலில் உங்களுக்குப் பயன்படும் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உண்ணியைப் பிடுங்கும்போது திருகாதீர்கள். வெண்ணெய் தடவுவது, தீக்குச்சியால் சுடுவது எல்லாம் வேண்டாம். மெல்லிய சாமணத்தைத் தோலோடு ஒட்டி வைத்துப் பிடித்து, நேராக, மெதுவாக இழுத்தால் போதும். அது விட்டுவிடும். அவசரப்படுகிறவர்கள்தான் தலையை உள்ளே விட்டுவிட்டு உடம்பை மட்டும் எடுப்பார்கள்.

என் பெயர் சிக்ஸ்டன். செல்யோத் தீவில் இருக்கும் உண்ணி ஆய்வு நிலையத்துக்கு நான்தான் பொறுப்பு. நீங்கள் யாரும் என்னைக் கூப்பிடவில்லை, காலைப் படகில் கரைக்கு நானாகவே வந்தேன். இந்தக் காவல் நிலையத்தின் வாசல் மேசையில் உட்கார்ந்திருந்த அம்மா, "என்ன, சைக்கிள் காணாமப் போச்சா?" என்று கேட்டார். வாக்குமூலம் கொடுக்க வந்தேன் என்றதும் ஏலக்காய் பன் ஒன்றைத் தட்டில் வைத்துக் கொடுத்து உட்காரச் சொன்னார். நன்றாக இருந்தது.

விஷயம் இதுதான். என்னிடம் வேலை பார்த்த எம்ப்லாவுக்கு நடந்ததை இயற்கையின் செயல் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அது தவறு. தவறான தகவல் ஊரில் உலவுவதை ஒரு விஞ்ஞானி கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

என் ஆய்வைப் பற்றி உங்களுக்குக் கொஞ்சம் தெரிய வேண்டும். வெளியே சுவரில் தேடப்படும் ஆட்களின் படங்களை ஒட்டி வைத்திருக்கிறீர்கள் அல்லவா, உண்ணியும் அதைத்தான் செய்கிறது. உண்ணிக்குள் பல வைரஸ்கள் புகும். மனிதனுக்கு மூளைக்காய்ச்சல் தருகிற வைரஸும் அவற்றில் ஒன்று. இந்தத் தீவுகளுக்கு மனிதர்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பு, அப்படிப் புகுந்த ஒரு வைரஸின் மரபணுவிலிருந்து ஒரு துண்டு உடைந்து உண்ணியின் சொந்த மரபணுவோடு ஒட்டிக்கொண்டது. வைரஸ் போய்விட்டது. துண்டு மட்டும் தங்கிவிட்டது. தாயிடமிருந்து முட்டைக்கு, முட்டையிலிருந்து குஞ்சுக்கு, தாத்தாவின் மூக்கு பேரனுக்கு வருகிற மாதிரி அது இறங்கிக்கொண்டே வருகிறது. உண்ணிக்கு மூக்கு கிடையாது, பேச்சுக்குச் சொல்கிறேன்.

அந்தத் துண்டால் யாருக்கும் நோய் வராது. ஆனால் அதே வகை வைரஸ் மறுபடி உள்ளே வந்தால், உண்ணி அதைச் சுவரிலிருக்கும் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, அடையாளம் கண்டு, துண்டு துண்டாக நறுக்கிவிடும். செல்யோவின் உண்ணிகளிடம் இருக்கும் படம் மற்ற ஊர் உண்ணிகளிடம் இருப்பதைவிடப் பெரியது என்று நான் கண்டுபிடித்தேன். எனவே செல்யோ உண்ணிக்குள் அந்த வைரஸ் உயிர்வாழ முடியாது. எனவே செல்யோவில் உண்ணிக் காய்ச்சல் வராது. என் வாழ்க்கை முழுவதும் இந்த இரண்டு 'எனவே'க்களில்தான் இருக்கிறது.

தீவுக்கு ஒரே கொண்டாட்டம். சுற்றியிருக்கும் தீவுகளில் எல்லாம் கோடைக்கு வருகிறவர்கள் பேண்ட்டைக் காலுறைக்குள் திணித்துக்கொண்டு பாதையின் நடுவிலேயே நடப்பார்கள். செல்யோவில் குழந்தைகள் புல்லில் உருண்டன. படகுத்துறைக்குப் பக்கத்தில் விடுதி நடத்திய குன்வால்ட், வாசலில் 'தயங்காமல் புல்லில் உட்காருங்கள்' என்று ஒரு பலகையே எழுதி வைத்தான். அவன் என் நண்பன். நான் தீவுக்குக் குடிவந்த முதல் குளிர்காலத்தில் என் வீட்டுக் குழாய்களை உறையாமல் காப்பாற்றியவன்.

"புரொபசர், உன் பூச்சிங்கதான்யா எனக்குச் சாப்பாடு போடுது. ஒரு நாளைக்கு அதுங்களுக்கு விருந்து வெக்கணும்," என்பான்.

"தெனமும் வெச்சிட்டுதானே இருக்க. உன் விருந்தாளிங்க யாருக்குச் சாப்பாடுன்னு நெனச்ச?" என்று நான் சொன்னபோது, முள்கரண்டியிலிருந்த ஊறுகாய் மீன் மேசையில் விழும் அளவுக்குச் சிரித்தான்.

தடுப்பூசி போடாதீர்கள் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். குன்வால்டின் மனைவி மைலிஸ் ஒருமுறை கேட்டாள்: "ஊசி இன்னும் தேவையா சிக்ஸ்டன்? ஒவ்வொரு தடவையும் இதுக்காகப் படகேறி கரைக்குப் போக வேண்டியிருக்கு." நான், "வருஷம் பூரா அந்தப் புல்லுலதான் கெடக்கறேன். எனக்கு என்ன ஆச்சு?" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். ஸ்டாக்ஹோம் போகும்போது, என்னை யாருக்கும் தெரியாத ஒரு மையத்தில் நான் தவறாமல் ஊசி போட்டுக்கொள்வேன் என்பதும் உண்மைதான். அதை அவள் கேட்கவில்லை. அதன்பிறகு தீவில் யாரும் போட்டுக்கொள்ளவில்லை. அது அவர்களாக எடுத்த முடிவு.

குன்வால்டின் விடுதிக்குப் பின்னால் ஒரு நீராவிக் குளியல் குடில் இருக்கிறது. அதற்கும் பின்னால் பிர்ச் மரத் தோப்பு. வசந்தத்தில் தெற்கிலிருந்து வருகிற பறவைகள் முதலில் இறங்குவது அங்கேதான். சில ஆண்டுகளுக்கு முன் அந்தத் தோப்பின் உண்ணிகளைச் சோதித்தபோது கிடைத்தது துண்டு மட்டுமல்ல. முழு வைரஸே கிடைத்தது, உயிரோடு. நான் அந்தச் சோதனையைத் திரும்பச் செய்யவில்லை. தோப்பை ஆய்வு வரைபடத்திலிருந்து எடுத்துவிட்டேன். எந்த ஆய்வுக்கும் ஓர் எல்லை வேண்டும். எல்லையை எங்கே வரைவது என்று தெரிவதும் விஞ்ஞானத்தில் ஒரு பகுதிதான்.

எம்ப்லா வந்தது அதற்குப் பின்னால். முப்பது வயதுகூட ஆகாதவள். உண்ணிகள் என்றால் அவளுக்கு உயிர். உண்ணி பிடிக்கும் வெள்ளைத் துணியைப் புல்லில் இழுத்துக்கொண்டே அவற்றோடு பேசுவாள். "வாங்கம்மா, ஏறிக்கங்க. சாப்பாடு ஒண்ணும் கெடையாது, போட்டோ மட்டும்தான்." கெட்ட நேரம், அப்படிப்பட்டவளுக்கு உண்ணிக் காய்ச்சல் தடுப்பூசி ஒத்துக்கொள்ளவில்லை. முதல் ஊசியிலேயே தொண்டை வீங்கி மூச்சு அடைத்துப் பிழைத்தது பெரிய பாடாகியிருந்தது. இனி வாழ்நாளில் வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். அதனால் எந்த ஆய்வு நிலையமும் அவளை வெளியே காட்டுக்கு அனுப்பத் தயாராக இல்லை.

"ஒலகத்துலயே நான் பயமில்லாம வேலை செய்யக்கூடிய எடம் உங்க தீவு ஒண்ணுதான்," என்றாள், வேலை கேட்டு வந்த அன்று. அந்த வாக்கியத்தை அதன்பிறகு என் சொற்பொழிவுகளில் எல்லாம் சொல்லியிருக்கிறேன். கேட்பவர்கள் நெகிழ்ந்துபோவார்கள்.

தோப்பைப் பற்றி அவளிடம் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அவளுக்கு வேலை கொடுத்த இடம் தோப்பு அல்ல. வரைபடத்துக்குள் அவள் பத்திரமாகவே இருந்தாள்.

போன ஜூன் மாதம் முழுவதும் நான் வியன்னாவில் இருந்தேன். கருத்தரங்கு, அதைத் தொடர்ந்து ஒரு பல்கலைக்கழகத்தில் வகுப்புகள். கோடை நடுநாள் விழா முடிந்த வாரம் மைலிஸ் தொலைபேசியில் கூப்பிட்டாள். குன்வால்டுக்குக் காய்ச்சல் வந்து, விட்டு, மறுபடி வந்திருந்தது. அவனுக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை, கை விளங்கவில்லை, மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள்.

"டாக்டர் கேக்கறாரு, உண்ணிக் காய்ச்சலா இருக்குமான்னு. அவன் தெனமும் குடிலுக்குப் பின்னாலதான் வெறகு வெட்டுவான். உங்களைவிட யாருக்குத் தெரியும், ஒரு வார்த்தை சொல்லுங்க சிக்ஸ்டன்."

"செல்யோல அது வராது மைலிஸ். வேற எதையாவது பாக்கச் சொல்லு," என்றேன்.

வேறு எதையாவது பார்த்தார்கள். குன்வால்ட் இறந்துபோனான். இந்த இடத்தில் நீங்கள் என்னைப் பற்றித் தவறாக நினைக்கக் கூடாது. அந்தக் காய்ச்சலுக்கு மருந்து கிடையாது. இன்னதென்று தெரிந்திருந்தாலும் செய்திருக்கக் கூடியது அதிகமில்லை. ஆக, என் பதிலால் அவனுக்கு எந்த நஷ்டமும் இல்லை. நான் ஊர் திரும்பி அடக்கத்துக்குப் போனேன், சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். மைலிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அது இல்லன்னு நீங்க சொன்னது ஒண்ணுதான் ஆறுதல். இல்லன்னா ஊசி போடாம விட்டுட்டோமேன்னு நான் செத்தே போயிருப்பேன்," என்றாள். ஆறுதல் கொடுக்க முடிந்ததில் எனக்கும் திருப்தி.

எம்ப்லாவும் அங்கே இருந்தாள். காபியும் ரொட்டிக் கேக்கும் பரிமாறும்போது மைலிஸிடம் அவன் விறகு வெட்டிய இடம் எது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் கவனித்தேன். ஆனால் துக்க வீட்டில் என்ன பேசுவது என்று ஒருத்தரைத் தடுக்க முடியாது.

ஜூலைக் கடைசியில் ஒருநாள் மத்தியானம் ஆய்வகத்திலிருந்து கூப்பிட்டாள்.

"சிக்ஸ்டன், கொஞ்சம் வாங்க. குன்வால்ட் வெறகு வெட்டின தோப்புல எடுத்த உண்ணி, இதைப் பாருங்க."

திரையைப் பார்த்தேன். "துண்டு," என்றேன்.

"துண்டு இல்ல. துண்டுன்னா ஒரு எடத்துலதானே தெரியணும்? நான் வைரஸோட தலை, வயிறு, வாலுன்னு எல்லா எடத்துலயும் தேடிப் பாத்துட்டேன், எல்லாம் இருக்கு. செவுத்துல ஆளோட படம் மாட்டியிருக்குன்னு நெனச்சோம். ஆளே உள்ள உக்காந்திருக்கான்."

"சாம்பிள்ல ஏதாவது கலந்திருக்கும்."

"நானும் அப்படித்தான் இருக்கணும்னு வேண்டிக்கிட்டேன். மறுபடி மறுபடி பண்ணிப் பாத்துட்டேன். அதேதான் வருது." ஆய்வு வரைபடத்தை எடுத்து விரித்தாள். "உங்க வரைபடத்துல அந்தத் தோப்பே இல்லையே?"

"விட்டுப்போச்சு," என்றேன்.

அவள் என்னைச் சந்தேகப்பட்டிருந்தால் விஷயம் வேறு மாதிரி போயிருக்கும். சந்தேகத்துக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியும். அவள் சந்தேகப்படவில்லை. எழுந்து வந்து என் தோளில் கை வைத்தாள்.

"எல்லாருக்கும் விட்டுப்போகும். வருத்தப்படாதீங்க. ரெண்டு பேரும் சேந்தே திருத்திடலாம், உங்க பேரே மொதல்ல வரட்டும். ஆனா சீக்கிரம் சொல்லணும் சிக்ஸ்டன். ஜனங்க இன்னும் அந்தப் பலகையைப் பாத்துட்டுப் புல்லுல உக்காந்துட்டிருக்காங்க. குன்வால்ட்கூட..."

என் சொந்த ஆய்வகத்தில் என்னைப் பார்த்து யாரும் அதுவரை பரிதாபப்பட்டதில்லை. அந்தக் கை என் தோளில் கொஞ்ச நேரம்தான் இருந்தது. நான் நல்ல முறையில் பதில் சொன்னேன். கரையில் இருக்கும் வேறொரு ஆய்வகத்துக்கும் மாதிரிகளை அனுப்பி உறுதி செய்துகொள்வோம், அதுவரை யாரிடமும் சொல்லி ஊரைக் கலவரப்படுத்த வேண்டாம் என்றேன். நியாயமான யோசனை. அவளும் ஒத்துக்கொண்டாள். மாதிரிகளை அனுப்பும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன்.

மாதிரிகளை நான் அனுப்பவில்லை.

அடுத்த நாள் வெள்ளைத் துணியை எடுத்துக்கொண்டு அதே தோப்புக்குப் போனேன். அந்தச் சமயத்தில் உண்ணிக் குஞ்சுகள் நிறையக் கிடைக்கும். கசகசா அளவுதான் இருக்கும், கறுப்பாக. கொஞ்சத்தை ஈரக் காகிதம் வைத்த குழாயில் போட்டுக்கொண்டேன்.

எங்கள் ஆய்வகத்தில் மாதிரிகள் வைக்கும் அறை கோடையிலும் சில்லென்று இருக்கும். அங்கே வேலை செய்யும்போது எம்ப்லா ஒரு கம்பளித் தொப்பி போட்டுக்கொள்வாள். கடுகு நிறம், அவளே பின்னியது. வாசலில் ஆணியில் தொங்கும். மறுநாள் காலையில் அவள் வருவதற்கு முன்னால் அதன் மடிப்புக்குள் குழாயைக் கவிழ்த்துத் தட்டினேன். கையுறை போட்டிருந்தேன். தலையின் சூடு பட்டால் அவை மெதுவாக நகரத் தொடங்கும். காதுக்குப் பின்னால், முடி தொடங்கும் இடத்தில், தோல் மெல்லிசாக இருக்கும்.

அவள் வந்து தொப்பியை மாட்டிக்கொண்டு, "இன்னிக்கு என்ன இப்படிக் குளிருது," என்றாள். நான் அவளுக்குக் காபி ஊற்றிக் கொடுத்தேன்.

ஏன் செய்தீர்கள் என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை, கேட்கப்போகிறீர்கள். ஆகவே சொல்லிவிடுகிறேன். என் கோட்பாடு சரி என்றால் அவளுக்குக் கொஞ்சம் அரிப்பு எடுப்பதைத் தவிர வேறொன்றும் ஆகாது. கோட்பாடு தவறு என்றால், அது தவறு என்று சொல்ல ஆள் இருக்கப்போவதில்லை. எது நடந்தாலும் கோட்பாடு நிற்கும். இவ்வளவு கச்சிதமாக அமைந்த ஒரு சோதனையை நான் அதற்குமுன் செய்ததில்லை.

சாயங்காலம் அவளே காதுக்குப் பின்னாலிருந்து ஒன்றைப் பிடுங்கினாள். நேராக, பொறுமையாக, நான் கற்றுக்கொடுத்தபடி. "இவ எந்த வழியா வந்தா?" என்று சிரித்துக்கொண்டே, வழக்கம்போல அதை ஒரு சிறு குப்பியில் போட்டு உறைபெட்டியில் வைத்தாள். எந்த உண்ணியையும் அவளால் தூக்கிப் போட முடியாது.

பிறகு காய்ச்சல் வந்தது. தலைவலி, உடம்புவலி, அவ்வளவுதான். நான் சூப் செய்து கொண்டுபோய்க் கொடுத்தேன். சில நாளில் எழுந்து நடமாட ஆரம்பித்துவிட்டாள். சாதாரணச் சளிக்காய்ச்சல் என்றாள். அந்த நாட்களில் நான் இருந்த மாதிரி மகிழ்ச்சியாக என் வாழ்நாளில் இருந்ததில்லை. கோட்பாடு சரிதான், அவளும் நன்றாக இருக்கிறாள். ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல் நான் அவளை நேசித்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

நண்டு விருந்து வைத்தோம். ஆகஸ்டுக் கடைசியில் ஆற்று நண்டைச் சோம்பு இலை போட்டு வேகவைத்து, தலையில் காகிதத் தொப்பி மாட்டிக்கொண்டு, பாட்டுப் பாடிச் சாப்பிடுவோமே, அதுதான். ஆய்வகத்து வாசலில் மேசை போட்டு மைலிஸையும் கூப்பிட்டிருந்தோம். குன்வால்ட் போன பிறகு அவள் வெளியே வந்து உட்கார்ந்தது அன்றுதான். எம்ப்லா ஒரு நண்டைக் கையில் தூக்கினாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நண்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்ப நண்டைப் பார்த்தாள்.

"இது... இதோட பேரு என்ன?"

மைலிஸ் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். "நல்லாக் குடிச்சிருக்கா இவ."

எம்ப்லா குடித்திருக்கவில்லை. "இதோட பேரு..." என்று மறுபடி சொன்னாள். நண்டு கையிலிருந்து நழுவியது. நழுவியது அவளுக்குத் தெரியவில்லை. அந்தக் கை மேசைமேல் அப்படியே கிடந்தது.

அதைப் பார்த்ததும் மைலிஸ் எழுந்துவிட்டாள். நாற்காலி பின்னால் விழுந்தது. "இதேதான். குன்வால்டும் இப்படித்தான் கரண்டியைப் போட்டான். இதேதான்." அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, தானே ஹெலிகாப்டரைக் கூப்பிட்டாள். நான் காகிதத் தொப்பியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

எம்ப்லா சாகவில்லை. பல நாள் நினைவில்லாமல் இருந்தாள், பிறகு கண் விழித்தாள். மருத்துவமனையில் இந்தமுறை யாரும் என்னைக் கேட்கவில்லை. ரத்தத்தைச் சோதித்து உண்ணிக் காய்ச்சல்தான் என்று சொல்லிவிட்டார்கள். அக்டோபரில், அவள் பேசவும் நடக்கவும் பழகிக்கொண்டிருந்த இடத்துக்கு நான் பார்க்கப் போனேன். வலது கை மடியில் கிடந்தது. சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துப் பேசினாள்.

"அந்தத் தொப்பி... நான் தெனமும் உதறிட்டுத்தான் ஆணில மாட்டுவேன். மடிப்பு... வெளிப்பக்கம். அன்னிக்குக் காலைல உள்பக்கம் இருந்துச்சு. அப்ப எனக்குத் தோணல."

நான் கொண்டுபோயிருந்த பூவை ஜாடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

"பயப்படாதீங்க. போலீஸ்ல சொல்ல மாட்டேன்."

இதற்கு நான் திரும்பிப் பார்த்தேன்.

"சொன்னா... நீங்க வெச்ச பூச்சின்னு ஆயிடும். எங்கேருந்தோ கொண்டாந்த பூச்சி. தீவு நல்ல தீவாவே இருந்துடும். அப்ப மைலிஸ் ஊசி போட்டுக்க மாட்டா. யாரும் போட்டுக்க மாட்டாங்க." மூச்சு வாங்கிக்கொண்டாள். "நீங்க ஜெயிலுக்குப் போறதால... எனக்கு என் கை வரப்போறதில்ல. அவங்க ஊசி போட்டுக்கட்டும். அது போதும்."

பிறகு இடது கையால் தண்ணீர்க் குவளையை எடுக்கப் பார்த்தாள். நான் எடுத்துக் கொடுத்தேன். அவள் என் கையிலிருந்து வாங்கவில்லை. திரும்ப மேசைமேல் வைக்கும்வரை காத்திருந்து, அப்புறம் தானே எடுத்துக் குடித்தாள்.

உறைபெட்டியிலிருந்த அவளுடைய குப்பியை யாரோ வந்து எடுத்துப் போனார்கள். அதில் முழு வைரஸும் இருந்ததாம். தோப்பிலும் வந்து துணி இழுத்தார்கள். படகுத்துறையில், குன்வால்டின் பலகை இருந்த அதே கம்பத்தில், மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கைப் பலகை மாட்டினார்கள். தடுப்பூசிப் படகு வந்தது. தீவே வரிசையில் நின்றது. வரிசையில் முதல் ஆள் மைலிஸ்.

"நீங்க போட்டுக்கலையா புரொபசர்?" என்றாள்.

"எனக்குத் தேவையில்லை," என்றேன். உண்மைதான், நான் கடைசியாகப் போட்டுக்கொண்ட ஊசியின் காலக்கெடு இன்னும் முடியவில்லை.

"அப்பவும் இதைத்தான் சொன்னீங்க," என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டே படகுக்குள் போய்விட்டாள். பின்னால் நின்றவர்களில் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கட்டுரையைப் பத்திரிகை திரும்பப் பெறப்போகிறது என்று இந்த வாரம் செய்தி வந்தது. ஒரு முழு வாழ்க்கையின் வேலை. ஒரு தோப்பை வைத்துக்கொண்டு அதை அழிக்கிறார்கள்.

அப்போதுதான் எம்ப்லா சொன்னது எனக்கு முழுதாகப் புரிந்தது. புத்திசாலிப் பெண். வழியை அவளேதான் காட்டியிருந்தாள்.

இப்போது நான் வந்த காரியத்துக்கு வருகிறேன். உண்ணிகளை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். கரையிலிருந்து கொண்டுவந்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரம் முன்னால் பிர்ச் தோப்பு என்று சொன்னேன், தெரியும். அதை அடித்துவிடுங்கள். தோப்பில் வந்து துணி இழுத்தவர்களுக்குக் கிடைத்ததும் நான் கொண்டுவந்து விட்டவைதான் என்று போடுங்கள். நான் மறுக்கப்போவதில்லை, வக்கீலும் வைத்துக்கொள்ளப்போவதில்லை. எம்ப்லாவைக் கொல்ல முயன்றேன், திட்டமிட்டுச் செய்தேன், எத்தனை வருடம் போட்டாலும் சரி. பதிலுக்கு நான் கேட்பது ஒரே ஒரு வாக்கியம். செல்யோவில் இயற்கையாக அந்த வைரஸ் இல்லை என்று உங்கள் அறிக்கையில் இருக்க வேண்டும். மஞ்சள் பலகையை எடுத்துவிடலாம். ஊசி போட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அது அவர்கள் விருப்பம்.

குன்வால்ட் எப்படிச் செத்தான் என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி, நானும் அதை யோசித்தேன். அதையும் என் பெயரிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அவன் விறகுக்கட்டில் கொண்டுபோய் விட்டேன் என்று போடலாம். அந்த மாதம் நான் நாட்டிலேயே இல்லை என்று நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் ஒருவன் கையெழுத்துப் போடத் தயாராக எதிரில் உட்கார்ந்திருக்கும்போது, ஊரில் இல்லை என்ற சின்ன விஷயத்துக்காக அவனைத் திருப்பி அனுப்புவது முறையா? அவன் என் நண்பன். அவனைக் கொன்றவன் நானாகத்தான் இருக்க முடியும். வேறு யாரும் இல்லை, வேறு எதுவும் இல்லை.

பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். வேண்டாம், எடுத்துக்கொள்ளுங்கள். கொலைகாரன் என்று நீங்கள் என்னைத் தாராளமாக எழுதலாம், அதில் எனக்கு வருத்தமில்லை. நான் தவறு செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.